கழுவியும் போகவில்லையா? பெங்களூர் வீட்டுக்கு ஒரு பிழைநீக்கக் குறிப்பு

அல்சூரில் இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் பருப்பைப் பற்றிப் பேசியதே இல்லை. மூன்று விசில், மத்தால் ஒரு கடை, முடிந்தது. வர்த்தூர்ப் பக்கம் அடுக்குமாடிக்குக் குடிவந்த முதல் வாரமே துவரம்பருப்பு சாம்பாரில் முழுசு முழுசாக நின்றது. கடைக்காரரைக் குறை சொன்னோம், குக்கர் கேஸ்கட்டை மாற்றினோம், வேறு கடையில் பருப்பு வாங்கினோம். கடைசியில் பார்த்தால் பருப்பு பாவம். கழுவி ஊறவைத்த தண்ணீர்தான் வில்லன்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சாப்பாட்டில் ஏதாவது கோளாறு என்றால் அடுப்பைப் பார்க்கும் முன் தொட்டியடிக்குப் போய்ப் பார்ப்பேன். “அஞ்சு தடவை கழுவினேனே” என்று எல்லோரும் சொல்கிறார்கள். தடவைக் கணக்கில் ஒன்றுமில்லை. முறை தெரிந்தால் சிலது இரண்டே தண்ணீரில் போய்விடும். சிலது ஐம்பது தண்ணீர் விட்டாலும் போகாது. எது எந்த ரகம் என்று கழுவின தண்ணீரே பாதி சொல்லிவிடும்: என்ன மிதக்கிறது, என்ன அடியில் தங்குகிறது, என்ன நிறம் வருகிறது. உங்கள் வீட்டுக் கோளாறு கீழே எங்கே இருக்கிறதோ அதை மட்டும் படித்தால் போதும்.

கீரைக் கூட்டு வாயில் நறநறக்கிறது

செம்மண் ஊரில் இதுதான் முதல் புகார். தண்டுக்கீரையோ, சபசிகே சொப்பு என்று இங்கே கட்டுக்கட்டாக வரும் சதகுப்பைக் கீரையோ, பெரும்பாலும் வேரோடு பிடுங்கித்தான் கட்டுகிறார்கள். மழையில் தெறித்த மண் இலையின் அடிப்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும்.

பலரும் செய்வது என்ன? கீரையை நறுக்கி, வடிதட்டில் போட்டு, குழாயில் காட்டி ஒரு உலுக்கு. இல்லாவிட்டால் பாத்திரத்தில் அலசிவிட்டு அப்படியே வடிதட்டில் கவிழ்ப்பது. கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் முழுக்கத் திரும்பக் கீரையின் தலையிலேயே விழும். நானும் பல வருஷம் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அல்சூர் மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாவிடம் ஒருநாள் மண் என்று குறைபட்டேன். எப்படிக் கழுவுகிறாய் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். “கொட்டுனா மண்ணும் கூடத்தானேம்மா வரும்? கீரையைத் தூக்கு. மண்ணு அங்கியே கெடக்கட்டும்.”

அவ்வளவுதான் விஷயம். வேரையும் அழுகல் இலையையும் முதலில் கிள்ளிப் போடுங்கள், ஆனால் கீரையை நறுக்காதீர்கள். அகலமான பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்துக் கீரையை முக்கி, பத்துத் தடவை மேலும் கீழுமாக அலசுங்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். இந்தச் சும்மா விடுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். மண் இறங்க நேரம் வேண்டாமா? பிறகு இரண்டு கையாலும் மேலாக அள்ளி அடுத்த பாத்திரத்துக்கு மாற்றுங்கள். காலியான பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். முதல் தண்ணீரில் சேறு, இரண்டாவதில் மணல், மூன்றாவதில் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. தட்டுப்பட்டால் இன்னொரு தண்ணீர். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். தெளிந்த தண்ணீருக்கு அடியிலும் மணல் இருக்கும்.

“மூணு தண்ணிக்கு எங்கே போக?” என்பது நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததே, அந்தக் கோடையில் எங்கள் அடுக்குமாடிக்கு டேங்கர் வருவதே பெரும்பாடு. அப்போது பழகியது இது: இரண்டு கட்டு கீரை இருந்தால் ஒன்றின் மூன்றாம் தண்ணீர் அடுத்ததற்கு முதல் தண்ணீர். கடைசியில் எல்லாம் தொட்டிச் செடிக்கு. இப்போது தண்ணீர் வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

எத்தனை விசில் விட்டாலும் பருப்பு கரையவில்லை

இதற்குக் காரணம் இரண்டு. பருப்பு ரொம்பப் பழசு, அல்லது தண்ணீர் ரொம்பக் கடினம். முதலில் எது என்று பிரியுங்கள். ஒரே பருப்பில் இரண்டு கைப்பிடி எடுத்து, ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் கழுவி ஊறவைத்து வேகவையுங்கள், இன்னொன்றை ஆர்.ஓ. தண்ணீரில். இரண்டும் வேகாவிட்டால் பருப்பு பழசு. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு இறுகிப்போகும், அதைக் கழுவி ஒன்றும் செய்யமுடியாது. ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும் குழைந்தால் குற்றவாளி குழாயில் வரும் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

பருப்பின் உயிரணுக்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்கிற பசை. வேகும்போது அது இளகினால்தான் பருப்பு குழையும். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினோடு சேர்ந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று தெரிய, பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்தண்ணீர். நுரை வராமல் தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பி மிதந்தால் கடினத் தண்ணீர். சோப்பைத்தான் போடவேண்டும், துணி துவைக்கும் பவுடர் எந்தத் தண்ணீரிலும் நுரைத்துக் காட்டி உங்களை ஏமாற்றும்.

சரிசெய்வது இப்படி. கல், தூசி போக முதல் இரண்டு தண்ணீர் எதுவாகவும் இருக்கட்டும், ஆனால் மளமளவென்று முடித்துவிடுங்கள். காய்ந்த பருப்பு தண்ணீரைக் கண்டதும் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ஊறவைப்பதும் வேகவைப்பதும் ஆர்.ஓ. தண்ணீரிலோ காவிரித் தண்ணீரிலோ இருக்கவேண்டும். புளி, தக்காளி எல்லாம் பருப்பு வெந்த பிறகு, ஏனென்றால் புளிப்பும் பெக்டினை இறுக்கும். உப்பு போட்டால் வேகாது என்பார்கள், அந்தப் பழி உப்புக்கு வேண்டாம். மாட்டிக்கொண்ட நாளில் ஒரு சிட்டிகை சமையல் சோடா காப்பாற்றும், அதற்குமேல் போனால் சோப்பு ருசி. பி1 வைட்டமினும் போய்விடும்.

2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்து, மாநகராட்சியில் சேர்ந்த 110 கிராமங்களுக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது. எங்கள் கட்டடத்தில் சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில், அதுவும் போர் தண்ணீரும் கலந்தே வருகின்றன. அதனால் ஒருநாள் பருப்பு குழைகிறது, ஒருநாள் முறைக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி மாறி மாறி நடந்தால் சம்ப்பைச் சந்தேகப்படுங்கள்.

பருப்பு கழுவினால் நுரை, மேலே எண்ணெய்

நுரைக்குப் பயப்பட வேண்டாம். பருப்பில் இயல்பாக உள்ள சாப்போனினும் புரதமும்தான் அது. இரண்டு மூன்று தண்ணீரில் குறையும். மிச்சம் கொதிக்கும்போது பொங்கினால் கரண்டியால் எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அது வண்டு வராமலிருக்கவோ பளபளப்புக்கோ பூசியது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் சரி.

காய்ந்த பச்சைப் பட்டாணி ஊறிய தண்ணீர் பச்சையாகிறது

அரைமணி ஊறியதும் தண்ணீர் பச்சை மை கலந்ததுபோல் ஆனால் சாயம் ஏற்றிய பட்டாணி. கழுவிக் கழுவிச் சாயத்தைப் போக்கிச் சமைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

அரிசி களையும்போது சில மணிகள் மிதக்கின்றன

மிதப்பது மூன்று வகை. ஒன்று, பதரும் உமியும். தண்ணீரோடு சாய்த்துவிட்டால் போயிற்று. இரண்டு, வண்டு குடைந்த மணி. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்துங்கள், நடுவில் ஓட்டை, உள்ளே மாவு. நாலைந்துதான் என்றால் களைந்து விட்டுச் சமைக்கலாம். கைப்பிடி அளவு மிதந்தால் மூட்டையின் கதை முடிந்தது. புடைத்து நிழலில் உலர்த்தி வண்டை ஓட்டினாலும் முட்டை மணிக்குள்ளேயே இருக்கும், அடுத்த மாதம் திரும்ப வரும்.

மூன்றாவதுதான் வீண் பீதி. ரேஷன் அரிசியில் லேசாக மஞ்சளோ வெள்ளையோ கூடின, ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் மணிகள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒரு கிண்ணம் பொறுக்கி வைத்து “இது பிளாஸ்டிக்குங்க” என்று காட்டினார். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து மணியாக வார்த்து, நூறு பங்கு சாதா அரிசிக்கு ஒரு பங்கு கலந்தது. சில மிதக்கும். பொறுக்கி எறிந்தால் சத்தை எறிகிறோம். அந்த அரிசியை ஐந்தாறு தண்ணீரில் அரக்கித் தேய்க்கவேண்டாம். இரண்டு தண்ணீரில் மெதுவாகக் களைந்தால் போதும். களைந்த தண்ணீர் கண்ணாடி மாதிரி வரவேண்டும் என்பது பிரியாணிக்குச் சரி, தினச் சோற்றுக்குத் தேவையில்லை.

ராகிக் களியில் கல் கடிபடுகிறது

புடைத்தால் தூசியும் உமியும் போகும். கல் போகாது. ராகி அளவே மணலும் இருப்பதால் சல்லடையும் உதவாது. அரிக்கவேண்டும். எங்கள் அம்மா திருப்பத்தூரிலிருந்து கொண்டுவந்த அரிக்கன்சட்டி, உள்ளே வளையம் வளையமாகக் கோடு போட்டது, இன்னும் இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு இரண்டு வாயகன்ற பாத்திரம் போதும்.

ஒன்றில் பாதிக்கும் குறைவாக ராகி, மேலே நான்கு விரல் தண்ணீர். பாத்திரத்தைச் சற்றே சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டால் சுழற்றுங்கள். ராகி தண்ணீரோடு எழும்பி அலைபோல விளிம்புக்கு வரும். அந்த அலையை மட்டும் அடுத்த பாத்திரத்தில் சாயுங்கள். தண்ணீரைத் திருப்பி ஊற்றிக்கொண்டு மறுபடி சுழற்று, மறுபடி சாய். ராகி குறையக் குறைய கையை இன்னும் மெதுவாக்குங்கள். கடைசியில் ஒரு கரண்டி ராகி மிஞ்சும்போது பாத்திரத்தின் மூலையில் கருப்பாக ஒரு கோடு தெரியும், அதுதான் கல். அந்தக் கடைசிக் கரண்டியில் நல்ல ராகியும் கலந்திருக்கும். கஞ்சத்தனம் பார்க்காமல் பறவைக்குப் போட்டுவிடுங்கள். நான் ஒருமுறை அதையும் காப்பாற்றப் போய்த்தான் கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட்டுக்கொண்டேன்.

அரித்த ராகி நன்றாகக் காயவேண்டும். பெங்களூர் ஆகஸ்டில் வெயிலை நம்பமுடியாது, பழைய வேட்டியில் பரப்பி மின்விசிறியடியில் இரண்டு நாள். ஒரு மணியைக் கடித்தால் ‘டக்’ என்று உடையவேண்டும். ஈரத்தோடு மில்லுக்குப் போனால் மாவு ஒரு வாரத்தில் பூசண வாடை அடிக்கும்.

காலிஃபிளவர் பொரியலில் புழு

முழுப் பூவைத் தண்ணீரில் காட்டி எடுத்தால் புழு சொகுசாகக் குளித்துவிட்டு உள்ளேயே இருக்கும். முதலில் பூவைச் சின்னச் சின்னக் கொத்தாக உடையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நிறைய உப்பு, கொஞ்சம் மஞ்சள், பத்து நிமிடம். கொத்துகள் மிதக்குமாதலால் மேலே ஒரு தட்டை வைத்து அமுக்குங்கள். பச்சையாக ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் மிதந்து வரும். அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கவலையில்லை. கத்திரிக்காயில் ஓட்டை தெரிந்தால் இந்த வைத்தியம் செல்லாது. புழு உள்ளே குடியிருக்கிறது, வெட்டித்தான் பார்க்கவேண்டும்.

திராட்சையில் வெள்ளைப் பூச்சு

சிக்கபள்ளாபுரம், தேவனஹள்ளிப் பக்கமிருந்து வரும் கருநீலத் திராட்சையில் சாம்பல் பூத்ததுபோல் இருப்பதைப் பார்த்து “மருந்து, மருந்து” என்று தேய்ப்பார்கள். விரலால் ஒரு கோடு இழுங்கள். பழம் முழுக்க ஒரே சீராக, மெல்லிசாக இருந்து, தேய்த்த இடம் பளபளத்தால் அது பழம் தானே போர்த்திக்கொண்ட மெழுகு. தின்னலாம். காம்புப் பக்கம் சொட்டுச் சொட்டாக, நீலம் கலந்த வெள்ளையாகக் காய்ந்திருந்தால்தான் மருந்து. பூஞ்சைக்குத் திராட்சைக்கு அடிக்கும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும். பழத்தைக் காம்பிலிருந்து கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி, ஓடும் தண்ணீரில் உள்ளங்கையில் உருட்டிக் கழுவுங்கள்.

சமையல் சோடாவில் ஊறவைத்தால் மருந்து போய்விடும் என்கிற கதை ஓரளவு நிஜம். 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை ஒரு சதவீத சோடாக் கரைசலில், அதாவது லிட்டருக்குச் சுமார் இரண்டு தேக்கரண்டி, ஊறவைத்துப் பார்த்தார்கள். தியாபெண்டசோல் என்ற மருந்து 12 நிமிடத்தில் 80 சதவீதமும், போஸ்மெட் 15 நிமிடத்தில் 96 சதவீதமும் மேற்பரப்பிலிருந்து போயின. ஆனால் தோலுக்குள் இறங்கியது போகவில்லை. அதற்குத் தோலைச் சீவுவது ஒன்றே வழி. குழாயடியில் கால் மணி நேரம் யாரும் நிற்கப்போவதில்லை என்பதால் நான் ஆப்பிளுக்கு மட்டும் சோடா, மற்றதற்குத் தேய்த்துக் கழுவுவது என்று வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம். 2020-இல் எங்கள் சித்தி அதில் தக்காளி, வாழைப்பழம் எல்லாம் குளிப்பாட்டினார். ரசம் எலுமிச்சை சோப்பு வாடை அடித்தது. பழத்தின் தோலில் நுண்துளைகள் இருக்கின்றன, சோப்பு உள்ளே போய்த் தங்கிவிடும்.

கழுவி வைத்தது இரண்டே நாளில் அழுகுகிறது

கழுவினதுதான் காரணம். கொத்தமல்லி, திராட்சை, ஸ்ட்ராபெரி எல்லாம் சாப்பிடும் முன் கழுவவேண்டியவை. முன்னாடியே கழுவித்தான் ஆகவேண்டுமானால் துணியில் பரப்பி ஈரம் போன பிறகு டப்பாவில் போடுங்கள். தக்காளிக்கு ஒரு விசேஷம் உண்டு. வெயிலில் சூடாக வந்த கோலார்த் தக்காளியைச் சில்லென்ற தண்ணீரில் மூழ்கடித்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்புத் தழும்பு வழியாக அழுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பையை விசிறியடியில் ஆறவிட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், ஊறவைக்காதீர்கள்.

டிசம்பரில் இட்லி மாவு பொங்கவில்லை

எல்லோரும் குளிரைச் சொல்வார்கள். ராத்திரி 15, 16 டிகிரிக்குப் போகும் ஊரில் குளிருக்கும் பங்கு உண்டுதான். ஆனால் உளுந்தை எப்போது கழுவினீர்கள்? மாவைப் பொங்கவைக்கும் லூக்கோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடுதான் வருகின்றன. ஊறவைக்கும் முன் இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். ஊறிய பிறகு தேய்த்து அலசாமல் ஊறிய தண்ணீரையே விட்டு அரையுங்கள். குளோரின் வாடை தூக்கலாக அடிக்கும் நாளில் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் முன்னாலேயே பிடித்து வையுங்கள், அல்லது காய்ச்சி ஆறவிடுங்கள்.

எத்தனை கழுவினாலும் ஒரு வாடை

கீரையில் சாக்கடை வாடையோ மருந்து வாடையோ மூன்று தண்ணீருக்கும் போகாவிட்டால் நாலாவது தண்ணீர் எடுக்காதீர்கள். இந்த ஊரில் விருஷபாவதி ஆற்றில் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஓடுகின்றன, அந்தத் தண்ணீரிலும் விவசாயம் நடக்கிறது. ஈயம், காட்மியம் போன்றவை வேர் வழியாக ஏறி இலைக்குள் போய்விட்டால் உப்பு, மஞ்சள், சோடா எதுவும் தொடமுடியாது. வாடையே இல்லாமலும் அவை இருக்கலாம் என்பதுதான் சங்கடம். அதனால் வாங்கும் இடத்திலேயே எங்கே விளைந்தது என்று கேட்டுவிடுகிறேன். அல்சூர் அம்மா முதலில் கோபித்துக்கொண்டார். இப்போது நான் போனதும் அவரே கட்டுகளைப் பிரித்து வைக்கிறார். “இது தளிப் பக்கம், கெணத்துத் தண்ணி. எடுத்துக்க. அந்தப் பக்கம் இருக்குறத நீ தொடாத.”